சும்மா இருக்கையில் எரிவது

அசையக் கூடாது, பேசக் கூடாது, தூங்கவும் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்கிற ஹசீனா அந்தப் பிளாஸ்டிக் கூட்டை மாரீஸ்வரியின் தலைமேல் கவிழ்த்தாள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கழுத்தைச் சுற்றிக் காற்று புகாமல் ஒரு விரிப்பைச் செருகினாள். கூட்டின் உச்சியிலிருந்து கிளம்பிய குழாயைப் பக்கத்திலிருந்த மெஷினில் மாட்டினாள். "அரை மணி நேரந்தான்க்கா. மூச்சு மட்டும் எப்பவும் போல விடுங்க." எப்பவும் போல விடு என்று ஒருத்தி சொன்ன பிறகு மூச்சு எப்பவும் போல வருமா? நாற்பது வருஷத்துக்கு மேலாக அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுக்கொண்டிருந்தவள் மாரீஸ்வரி. இப்போது ஒவ்வொரு மூச்சும் வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி இருந்தது. மிட்டாய்க் கடையில் லட்டுத் தட்டை ஈ மொய்க்காமல் இப்படித்தான் மூடி வைத்திருப்பார்கள். லட்டு. அதை நினைக்கக் கூடாது. நினைத்தால்கூட மெஷினில் ஏறிவிடுமோ என்னவோ. மேலே ஏசி காற்று வருகிற இடத்தில் யாரோ ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டிருந்தார்கள், அது படபடவென்று ஆடியது. ஓரம் மடித்துத் தைக்காத ரிப்பன், நூல் பிரிகிறது. கையில் ஊசி இருந்தால் இரண்டு தையல் போட்டுவிடலாம். ஹசீனாவின் சுடிதார் கையும் அப்படித்தான், தோள்பட்டையில் சுருக்கம் விழுந்திருக்கிறது, யார் தைத்தார்களோ, துணியை இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். மதுரையில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு படித்த பிள்ளை, தோளில் சுருக்கம். சும்மா இரு என்றால் கை சும்மா இருக்கும், கண் இருக்கிறதா? ஆனால் ஒன்று. சும்மா படுத்திருப்பதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, அதற்கு உன் உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்கிற இடத்துக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டில் அரை மணி நேரம் இப்படிக் கிடந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் பொழுது விடிஞ்சும் படுக்கையைப் பார் என்பார்கள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதுதான் வினை. உடம்பு நன்றாகவே இருக்கிறது, இருக்க வேண்டியதற்குமேல் இருக்கிறது. வெளியே வராந்தாவில் தங்கப்பாண்டி உட்கார்ந்திருக்கிறான், அவள் தம்பி, மைக்செட் கடைக்காரன். கோயில் கொடையோ கல்யாணமோ, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அவன் குழாய் கட்டாத வேப்பமரம் இல்லை. அந்தக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு மரமேறியவன் இப்போது வயிறு ஊதி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகி, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்றுகிறான். ஒரு சொட்டு குடித்ததில்லை. ஈரல் போய்விட்டது என்றால் ஊரில் எல்லாரும் முதலில் அவன் வாயைத்தான் மோந்து பார்த்தார்கள். உடம்பு தன்னைத்தானே எதிரியென்று நினைத்து அடித்துக்கொள்கிற வியாதி என்று டாக்டர் சொன்னார். ஈரலில் ஒரு துண்டை யாராவது கொடுத்தால் பிழைத்துக்கொள்வான், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும் என்றார். அந்த வார்த்தை முடிவதற்குள் மாரீஸ்வரி கையைத் தூக்கிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி. ரத்தம் ஒத்துப்போனது. எல்லாம் ஒத்துப்போனது. ஸ்கேனில்தான் பிடித்துக்கொண்டது. உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, எடையைக் குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம் என்றார்கள். கொடுக்க மனசு இருக்கிறது, ஆள் இருக்கிறது, கொடுக்கிற பொருளில் எண்ணெய்ப் பிசுக்கு. முதல் மாதம் எடை சடசடவென்று இறங்கியது. தெருவில் எல்லாரும், மாரி, மகளுக்கு அக்கா மாதிரி ஆயிட்டியே என்றார்கள். அப்புறம் ஒரு இடத்தில் வந்து நின்றுகொண்டது. முள் அசைய மாட்டேன் என்கிறது. காலையில் நடக்கிறாள், சாயங்காலம் நடக்கிறாள், எடை மெஷினில் ஏறுமுன் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வைக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு உடம்பு. ஒன்று கேட்காமலே கரைகிறது, இன்னொன்று கெஞ்சினாலும் கரைய மாட்டேன் என்கிறது. அவன் கையில் இருக்கிறது எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. ரொம்ப இழுத்துக்கொண்டே போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார், அவள் கண்ணைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்து. அதை நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. நடுங்கக் கூடாது. அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பிள்ளை.

கூட்டைக் கவிழ்ப்பதற்கு முன்னால் ஹசீனா பொறுமையாகத்தான் விளக்கினாள். "நாம நடக்கிறதுலயும் ஓடுறதுலயுந்தான் எல்லாம் எரியுதுன்னு நினைக்கிறோம்லக்கா? அப்படி இல்ல. சும்மா படுத்திருக்கும்போதே நம்ம கலோரியில பாதிக்கு மேல போயிருது. மூளை, இதயம், கிட்னி எல்லாம் வேலை பார்த்துக்கிட்டேதானே இருக்கு. ஈரல் இருக்கே, அது இன்னும் பெரிய அடுப்பு." மாரீஸ்வரிக்கு அது பிடித்திருந்தது. வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, மனசால் தொட்டுப் பார்த்தாள். இங்கேதான் எரிகிறது. தம்பிக்குப் போகப் போகிற துண்டும் இதில்தான் இருக்கிறது, தனக்கு ஒரு பயணம் இருக்கிறதென்று தெரியாமல் மற்றதோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டு. நீ நல்லா எரி சாமி, என்று அதனிடம் சொன்னாள். சொந்தத் துண்டிடம் என்ன மரியாதை, ஆனாலும் இன்னொரு வீட்டுக்கு வாழப் போகிறதை வாடி போடி என்றா கூப்பிட முடியும்? உடம்பு ஏன் இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் விளங்கவில்லை. இல்லை, விளங்காமல் என்ன. தையல்காரிக்கு விளங்காதா? கல்யாணப் பெண்ணுக்கு பிளவுஸ் தைக்கும்போது அவளே இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பாள். பெண்ணின் அம்மா, ஏன் மாரி, துணியை வெட்டிரலாம்ல, உறுத்தும்ல என்றால், இருக்கட்டும்க்கா, நாளைக்குப் பிரிச்சு விட உதவும் என்பாள். இந்த உடம்பை யார் தைத்தார்களோ, அவர்களும் அவளைப் போலவே கெட்டிக்காரத்தனமாக உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள். எந்தப் பஞ்சத்துக்கென்று விட்டார்கள்? இப்போது பஞ்சம் ஒன்றும் இல்லையே. வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. அவள்தான் எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை.

அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. ஹசீனா இன்னொன்றும் சொன்னாளே. நீங்க விடுற மூச்சை வச்சே உடம்பு எதை எரிக்குதுன்னு இந்த மெஷின் ஓரளவு காட்டிரும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாரீஸ்வரியும் சிரித்தாள். உள்ளே திக்கென்றது. காலைக்கு மூன்று இட்லி என்று ஹசீனா சொல்லியிருந்தாள், இவள் ஒன்று. மத்தியானம் ஒரு கப் சோறு, காய், பருப்பு, முட்டை என்றாள், இவள் ஒரு சொம்பு மோர். ராத்திரி சப்பாத்தி என்றாள், ராத்திரி ஒன்றுமே இல்லை. இந்த ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் சொல்கிற கணக்கு பொதுவானது, தம்பிக்கு நாள் இல்லை, பாதி தின்றால் பாதி நாளில் குறையும் என்று இவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அடுப்பை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? சாயங்காலமானால் தங்கப்பாண்டியிடமிருந்து போன் வரும். அவன் பேச்சு எப்போதும் அந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கும், சாப்பிட்டியாக்கா? சாப்பிட்டாச்சுடா. அந்த வார்த்தைக்கு அவள் வாயில் தேய்ந்துபோன தடமே இருக்கிறது, வண்டி தானாக அதில் இறங்கிவிடும். அம்மாவின் வாயிலிருந்து வந்தது அது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வந்து, இரண்டு தட்டில் மட்டும் சோறு போட்டுவிட்டு, நான் அங்கயே சாப்பிட்டேன் என்பாள் அம்மா. தீக்குச்சி மருந்து வாசம் அடிக்கும் அவள் சேலையில். ஓவர்டைம் பார்த்துவிட்டு அம்மா இருட்டிய பிறகு வரத் தொடங்கினதும், தட்டு ஒன்றாகிவிட்டது, வார்த்தை மாரீஸ்வரிக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பானையில் இருப்பதைப் பார்த்தாலே வாய் அதைச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தப் பொடியன் லேசுப்பட்டவனா? வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நீ சாப்பிட்டியாக்கா என்பான். சாப்பிட்டேன்டா என்றால் நம்ப மாட்டான். கையக் காட்டு என்பான். அவள் வலது கையை இழுத்து மூக்கில் வைத்து மோந்து பார்ப்பான். ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். குழம்பு வாசமே இல்ல, பொய் சொல்ற என்று தட்டைத் தள்ளிவிட்டு, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு இரண்டு பேருமாகப் பிட்டுப் பிட்டுத் தின்றார்கள். இரண்டு பேருக்குமே நிறையவில்லை. மறுநாளிலிருந்து அவள் முன்ஜாக்கிரதை. அவனைக் கூப்பிடுவதற்கு முன்னால் குழம்புச் சட்டியின் அடியில் விரலை விட்டு நன்றாகத் துழாவி, தலையிலும் சேலையிலும் படாமல்... சேலை ஏது அப்போது, பாவாடை... பாவாடையில் படாமல் கையைக் காயவைத்துக்கொண்டு நிற்பாள். அவன் மோந்து பார்ப்பான். ம், என்பான் பெரிய மனுஷன் போல. அப்புறம் நிம்மதியாகத் தின்பான். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு நிறைவு இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தியாகம் கீகம் என்று என்னவாவது பேர் வைப்பார்கள். அதெல்லாம் இல்லை. அவன் கன்னம் உப்பி உப்பி மென்றது பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண் சொக்கிக்கொண்டு வந்தது. சிவப்பு ரிப்பன் இரண்டாகத் தெரிந்தது. தூங்கக் கூடாது. ஹசீனா கூட்டின்மேல் விரலால் தட்டி, கண்ணைத் திறந்து வைங்கக்கா என்று உதட்டசைத்தாள். திறந்தாள். கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை தூக்க முடியாது, குறுகுறுவென்றது. அழுதால் எவ்வளவு எரியும் என்று இந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். கை பொய் சொல்லும். வாய் பொய் சொல்லும். மூச்சுக்குக் குழம்புச் சட்டி எங்கே போய்த் தேடுவது?

கூட்டைத் தூக்கியதும் காற்று குளிர்ந்து வந்து முகத்தில் விழுந்தது. மாரீஸ்வரி எழுந்து உட்கார்ந்து முதலில் சேலையைச் சரிசெய்தாள், அப்புறம் ஹசீனாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் எங்கே தப்பியது என்று தேடுகிற முகம்.

"உங்க உயரத்துக்கும் எடைக்கும் வயசுக்கும் இது ரொம்பக் கம்மிக்கா," என்றாள். "உடம்பு அடுப்பைத் தணிச்சு வச்சிருக்கு. எடை குறைஞ்சா கொஞ்சம் குறையத்தான் செய்யும், இவ்வளவு குறையாது. நான் சொன்ன மாதிரிதானே சாப்பிடுறீங்க?"

"சாப்பிடுறேம்மா." வண்டி தடத்தில் இறங்கிவிட்டது.

ஹசீனா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் நோன்பு வைக்கிறவதான்க்கா. பட்டினின்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள்னா ஒண்ணும் பண்ணாது. மாசக்கணக்குல காயப்போட்டா உடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சுக்கிரும். எரிக்கிறதைச் சுருக்கிக்கும். சதையைத் தின்ன ஆரம்பிச்சிரும். அதைக்கூட விடுங்க. அரக்கப் பரக்க இளைச்சா, இருக்கிற கொழுப்பு அம்புட்டும் கிளம்பி ஈரல்லதான் வந்து இறங்கும். நாம எதைச் சுத்தம் பண்ணணும்னு நினைக்கிறோமோ அதுதான் கெடும்." நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள். "நான் திட்டலக்கா. அடுத்த ஸ்கேன் நல்லா வரணும்ல, அதுக்காகச் சொல்றேன். நீங்க நல்லா சாப்பிட்டாத்தான் உங்க தம்பிக்குக் கொடுக்க முடியும். கீழ கேன்டீன்ல சாப்பிட்டு வாங்க. அப்புறம் உக்காந்து பேசலாம்."

மாரீஸ்வரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். மூளைக்குள் ஒரே சத்தம். நல்லா சாப்பிட்டாத்தான் கொடுக்க முடியும். அப்படி ஒரு கணக்கை அவள் கேள்விப்பட்டதே இல்லை. தன் தட்டில் குறைந்தால்தான் அவன் தட்டில் விழும், அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தாள். இத்தனை மாதமும் அவள் சேர்த்துவைத்த பசியெல்லாம் அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறாள் அந்தப் பிள்ளை. அவனுக்கு வைத்திருந்த துண்டையே போய்த் தின்றுவிட்டது என்கிறாள். ஐயோ, நான் என்ன செஞ்சேன். நல்லது என்றுதானே நினைத்தேன். சரி, இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரிய வேண்டாம், கேன்டீன் வரை நடந்துவிட்டு வந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன பெண்பிள்ளை பாருங்கள், இவ்வளவு ஆன பிறகும்.

தங்கப்பாண்டி வராந்தா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்திருந்தான். செருப்புச் சத்தம் கேட்டு முழித்தான். மஞ்சள் கண், ஆனாலும் அதே உருட்டல்.

"முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்கடா. போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னாங்க."

"இத்தனை நாளும் ஒழுங்காச் சாப்பிட்டியா?"

"ம். நேத்தெல்லாம் நல்லாத்தான்டா சாப்பிட்டேன்."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. தங்கப்பாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிளவுஸ் தோளில் தொளதொளவென்று இறங்கிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் பிடித்துத் தைத்துக்கொடுக்கிறவள் தன்னுடையதைப் பிடிக்கவில்லை. அவன் கையை நீட்டி அவள் வலது கையை எடுத்தான். குளிர்ந்த, எலும்பு தெரிகிற கை அவனுடையது. அவள் விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். போகிற வருகிற ஆட்களெல்லாம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி சோப்பு வாசம் மட்டும் இருந்திருக்கும்.

"அப்பவும் உனக்கு விரல் நுனியில மட்டுந்தான்க்கா வாசம் இருக்கும்," என்றான். "சாப்பிட்ட கைன்னா உள்ளங்கை வரைக்கும் இருக்கணும்ல. எனக்கு அப்பவே தெரியும்."

சாப்பிட்டாச்சுடா என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு வரைக்கும் வந்து நின்றது. எப்பவும் போல விடுங்க என்றாளே அந்தப் பிள்ளை. மாரீஸ்வரி மூச்சை இழுத்து விட்டாள்.

"இல்லடா," என்றாள். "சாப்பிடல. ரொம்ப நாளா சரியாச் சாப்பிடல. எனக்குப் பசிக்குதுடா பாண்டி."

சொன்ன பிறகுதான் பசித்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, காது வரைக்கும் பசித்தது. சின்ன வயசிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்த பசியெல்லாம் ஒன்றாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மாதிரி. தங்கப்பாண்டி கை ஊன்றி எழுந்தான், பையைத் தோளில் போட்டான், அவள் கையை விடாமலே லிப்டை நோக்கி நடந்தான்.

கேன்டீனில் மூன்று இட்லி வாங்கி அவள் முன்னால் வைத்தான். சாம்பாரில் தொட்டு முதல் வாய் வைத்தபோது கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டாவது இட்லிக்கு வரும்வரை தலை நிமிரவில்லை. அவன் எதிரில் மோவாயைக் கையில் தாங்கி அவள் கன்னம் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எங்கேயோ பார்த்ததாக இருந்தது அவளுக்கு. அப்போதுதான் கவனித்தாள், அவன் முன்னால் தட்டு இல்லை.

"உனக்கு?"

"நான் காலைலயே சாப்பிட்டாச்சுக்கா."

மாரீஸ்வரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"கையக் காட்டு," என்றாள்.

தங்கப்பாண்டி கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.